காருக்குள் இரண்டு கேமரா: டெல்டா சாலைகளுக்கு எந்த ஜோடி சரி?

வடுவூர் ஏரிக்கரை ஆகட்டும், கோடியக்கரைச் சாலை ஆகட்டும், டெல்டாவில் பறவைகளைப் படம் பிடிக்கக் காரை விட நல்ல மறைவிடம் இல்லை. ஆள் இறங்கினால் எழுந்து பறந்துவிடும் நத்தைக்குத்தி நாரை, எஞ்சின் அணைத்து ஓரமாக நிற்கும் வண்டியைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஆகவே கேள்வி, காருக்குள் எதை வைத்துக்கொள்வது என்பதுதான். ஒரே பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமரா) நீள ஜூம், ஃபுல் ஃப்ரேமும் (பெரிய சென்சார்) கிராப்பும் (சிறிய சென்சார்) கலந்த ஜோடி, ஒரே மாடலில் இரண்டு பாடி: இந்த மூன்றில் ஒன்றைத்தான் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒரே பாடிக்குச் செலவு குறைவு, மடியில் சுமையும் குறைவு. கேனானின் 100-500 மி.மீ. ஜூம் லென்ஸ் சுமார் 1370 கிராம்தான். சோனியின் 200-600 என்றால் 2115 கிராம். கம்பியில் உட்கார்ந்த பனங்காடைக்கும் வாய்க்கால் மதகின் மேல் இருக்கும் மீன்கொத்திக்கும் இரண்டுமே போதும். சிக்கல் கிட்டத்தில் வருகிறது. 10 மீட்டர் தூரத்தில் 200 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃப்ரேமில் ஏறத்தாழ 1.8 மீட்டர் அகலத்தைத்தான் பிடிக்கும், கிராப்பில் 1.2 மீட்டர். ஒரு வெளிமான் நின்றாலே சட்டகம் நிறைந்துவிடும். பின்னால் வரும் கூட்டத்துக்கும் புல்வெளிக்கும் இடமில்லை. லென்ஸை மாற்றிக்கொள்ளலாமே என்றால், தை, மாசியில் முடியாது. அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசி, சாலையிலேயே காயப்போட்ட நெல்லின் சுணை, கோடியக்கரைப் பக்கம் போனால் உப்புக்காற்று. திறந்த ஜன்னலோரத்தில் லென்ஸைக் கழற்றினால் அதெல்லாம் நேராக சென்சாரில் போய் ஒட்டும். இரண்டாவது கேமராவை நியாயப்படுத்த இந்த ஒரு காரணமே போதும்.

கலப்பு ஜோடியைத்தான் பலரும் பரிந்துரைக்கிறார்கள்: கிராப் பாடியில் 150-600, ஃபுல் ஃப்ரேமில் 70-200. காகிதத்தில் கணக்கு அழகாக இருக்கிறது. 600 மி.மீ., 1.5 மடங்கு கிராப்பில் 900 மி.மீ. பார்வையைத் தரும், 70-200 எஃப்/2.8 விடியல் வெளிச்சத்தைச் சமாளிக்கும் (எஃப் எண் சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்). ஆனால் மார்கழிப் பனியில் காலை ஆறரைக்கு எஃப்/6.3, ஷட்டர் வேகம் 1/500 விநாடி என்று வைத்தால் கிராப் பாடியில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன், கூடக்கூடப் படத்தில் புள்ளிகள் கூடும்) எளிதாக 6400ஐத் தாண்டிவிடும். இறகின் நுணுக்கம் கரைந்துபோகும். ஒன்பது மணிக்கு மேல் உப்பளத்தில் கானல் எழும்பிவிட்டால், தூரத்துப் பூநாரை 900 மி.மீ. பார்வையிலும் பிசிறாகத்தான் வரும். கிராப் தரும் கூடுதல் எட்டம் நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்துக்குத்தான் உதவுகிறது.

அதைவிடப் பெரிய குறை கையில் இருக்கிறது. இரண்டு பாடியிலும் பெரும்பாலும் ஐஎஸ்ஓ பொத்தான் வேறு இடத்தில், ஃபோகஸ் பொத்தான் வேறு இடத்தில். வரப்பிலிருந்து செம்பருந்து எழும்பி, காருக்கு மேலே கடக்க மூன்று நான்கு விநாடி ஆகும். அதற்குள் 1/500லிருந்து 1/2000க்குத் தாவவேண்டும். விரல் ஒருமுறை தடுமாறினால் பருந்து போய்விட்டது. பேட்டரியும் சார்ஜரும் இரண்டு வகை என்றால் அது தனித் தொல்லை.

அதனால் எங்கள் தேர்வு ஒரே மாடலில் இரண்டு பாடி. பணம் இடித்தால் இரண்டும் கிராப்பாகவே இருக்கட்டும்: ஒன்றில் 150-600, மற்றதில் 70-200. 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் வாங்க முடிந்தவர்களுக்கு, கிராப் முறைக்கு (சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துவது) மாற்றினாலும் சுமார் 19 மெகாபிக்சல் மிஞ்சும். எட்டமும் கிடைக்கும், விடியலும் கிடைக்கும். நீள லென்ஸ் பாடியை அசையாத பறவைக்கும், சின்ன லென்ஸ் பாடியை எப்போதும் 1/2000லேயே பறப்பதற்கும் ஓடுவதற்கும் தயாராக வையுங்கள். மேலே சொன்ன செம்பருந்துக்கு எந்த அமைப்பையும் தொடவேண்டியதில்லை. கேமராவை மாற்றி எடுத்தால் போதும்.

எங்கே உட்காருவது என்பதும் இதோடு சேர்ந்தது. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குத் தெற்கே போகையில் காலை வெயில் இடப்பக்கம். வெளிச்சம் விழும் சதுப்புநிலம் வலப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம். முன்சீட்டில் இடப்பக்கம் இருப்பவருக்கு எதிர்வெயில்தான் கிடைக்கும். பின்சீட்டில் தனியாக உட்கார்ந்தால் இரண்டு ஜன்னலும் உங்களுடையவை. பல கார்களில் பின்கதவுக் கண்ணாடி முழுதாக இறங்காது. மிஞ்சி நிற்கும் விளிம்பில் லென்ஸை நேராகச் சாய்க்காதீர்கள். தடித்த ஜீன்ஸ் துணியை இரட்டையாகத் தைத்து, இரண்டரை கிலோ நெல் நிரப்பிய பையை அதன்மேல் போடுங்கள். மெல்லிய துணி என்றால் நெல்முனை குத்தி வெளியே வரும், உமி அமுங்கிவிடும், மணல் கனம், ஒழுகவும் செய்யும். நெல்லை நன்றாகக் காயவைத்துப் போட்டு, அவ்வப்போது மாற்றாவிட்டால் வண்டு வைக்கும். ஜன்னலில் பொருத்தும் கிளாம்ப் பையைவிட விலை அதிகம், பக்கம் மாற்ற நேரமும் பிடிக்கும். ஒரே பக்கம் நெடுநேரம் காத்திருப்பவர்களுக்கு மட்டும் அது சரி.

ஏசியைத் தஞ்சாவூரிலிருந்தே ஓடவிட்டு, வடுவூரில் ஜன்னலை இறக்கினால் இரண்டு லென்ஸிலும் ஒரே நேரத்தில் நீர் பூக்கும். துடைத்தாலும் திரும்பப் பூக்கும். கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வரவேண்டும். சேருமுன் அரை மணி நேரம் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவையுங்கள். உள்ளிருந்து குளிர்காற்று வெளியே வழியும்வரை நீள லென்ஸில் படம் கலங்கலாகவே வரும் என்பதால் இது இரட்டைப் பலன்.

கிளம்புமுன் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒரே நொடிக்கு வையுங்கள். இல்லையென்றால் கணினியில் படங்களின் வரிசை குழம்பும். கோப்புப் பெயரின் முன்னெழுத்தையும் ஒன்றில் மாற்றுங்கள். ஒரே மாடல் என்பதால் ஒரே எண்ணில் இரண்டு படம் வரலாம், ஒரே ஃபோல்டரில் இறக்கினால் ஒன்று மற்றதை அழித்துவிடக்கூடும். வெண் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ஆட்டோவில் விடாமல் இரண்டிலும் 5200 கெல்வினில் நிறுத்தினால் கொக்கின் வெண்மை இரண்டு படத்திலும் ஒன்றாக இருக்கும்.

இப்போது ஒரு பாடிக்குத்தான் பணம் என்றால், 100-400 அல்லது 100-500 லென்ஸோடு தொடங்குங்கள்; 70-200ஐயும் அதே மாடலில் இரண்டாவது பாடியையும் பிறகு பழையதாக வாங்கலாம். வாங்கும்போது ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்தது என்பதைக் கேளுங்கள். கடலோரத்தில் புழங்கிய கேமராவா என்று மெமரி கார்டு மூடியின் திருகுகளில் துரு பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.