பழைய சர்வரா, புது டெஸ்க்டாப்பா: டேட்டாபேஸை எதில் ஏற்றலாம்?

யாரோ நாலைந்து வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துப்போட்ட ரேக் சர்வர் ஒரு பக்கம். ஏறக்குறைய அதே காசுக்குப் புதிதாகக் கோத்த டெஸ்க்டாப் மறுபக்கம். பிராசசரை மட்டும் பார்த்தால் டெஸ்க்டாப்தான் ஜெயிக்கும். ஒற்றைக் கோர் வேகத்தில் பழைய ஜியான் (இன்டெலின் சர்வர் ரகப் பிராசசர்) அதன் பக்கத்தில்கூட நிற்காது. டேட்டாபேஸிடம் கேட்கும் சின்னக் கேள்வி (குவெரி) ஒவ்வொன்றும் ஒரே கோரில் ஓடுவதால் அது லேசான விஷயமும் இல்லை. இருந்தும் என் ஓட்டு பழைய பெட்டிக்குத்தான்.

முதல் காரணம் ரேம். சர்வரில் இருப்பது பிழை திருத்தும் ஈசிசி ரேம். அதில் ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்ளும், இரண்டு புரண்டால் காட்டிக்கொடுக்கும். சாதாரண ரேம் வாய் திறக்காது. கெட்ட பிட் டிஸ்க்குக்குப் போய், பேக்கப்பிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த கட்டுரைப்படி, ஒரே வருடத்தில் 8 சதவீதத்துக்கு மேலான மெமரி மாட்யூல்களில் பிழை பதிவாகியிருந்தது. புது டெஸ்க்டாப்பின் டிடிஆர்5 ரக ரேமில் சிப்புக்குள்ளேயே ஈசிசி இருக்கிறதே என்பார்கள். அது சிப்புக்குள் நடப்பதை மட்டும் திருத்தும். பிராசசர் வரை போகும் வழியில் கெடுவது அதன் கணக்கில் வராது.

அதைவிடப் பெரிய காரணம் டிஸ்க். ஒவ்வொரு கமிட்டின்போதும் (மாற்றத்தை நிரந்தரமாகப் பதியும்போதும்) டேட்டாபேஸ் டிஸ்க்கிடம் "எழுதிவிட்டாயா?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 சுற்றுதான். ஒரு கமிட்டுக்கு ஏறக்குறைய ஒரு சுற்று காத்திருக்க வேண்டியிருப்பதால், ஒரே கனெக்‌ஷனில் நொடிக்குச் சுமார் 120 கமிட்தான் நியாயமான அளவு. ஆயிரக்கணக்கில் காட்டினால் பதில் சொல்வது சுற்றும் தகடு இல்லை, கேஷ் என்னும் தற்காலிக மெமரி. கரண்ட் போனால் அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. வீட்டு உபயோக எஸ்எஸ்டிகள் பலவும் இங்கேதான் மாட்டும்: உண்மை சொன்னால் மெதுவாகும், வேகம் காட்டினால் நம்ப முடியாது. சர்வர் ரக எஸ்எஸ்டியில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் போனாலும் கேஷில் உள்ளதை எழுதி முடிக்க அந்த மின்சாரம் போதும் என்பதால், அது உடனே "ஆச்சு" என்று சொல்லலாம், பொய்யாகவும் இராது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு வரும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் (pg_test_fsync) கருவியை ஓட்டினால் வித்தியாசம் கண்ணில் படும்.

ஆகவே பெட்டியைப் பழையதாக வாங்கி, எஸ்எஸ்டி இரண்டைப் புதிதாக வாங்கி மிரர் போடுவேன், அதாவது இரண்டிலும் ஒரே டேட்டாவை எழுதவைப்பேன். டேட்டாவைப் பல டிஸ்க்குகளில் பிரித்துப்போடும் ரெய்டு 5 வேண்டாம். சின்னதாக ஒருமுறை எழுதவே டிஸ்க்குகளுக்கு நாலு வேலை வைக்கும், மிரருக்கு இரண்டே போதும். டிஸ்க்குகளைச் சேர்த்து மேய்க்கும் பழைய ரெய்டு கார்டின் பேட்டரியையும் பாருங்கள். அது செத்திருந்தால் கார்டு வழக்கமாக ரைட்-பேக்கை, அதாவது தன் கேஷில் வாங்கியதுமே "ஆச்சு" என்பதை, நிறுத்திவிடும். ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தால் எழுதும் வேகம் படுத்துவிடும்.

பழைய சர்வர் கரண்டைக் குடிக்கும், ஃபேன் இரைச்சல் போடும். ஆட்கள் உட்காரும் அறையில்தான் வைக்கவேண்டும் என்றால் டெஸ்க்டாப்தான் வழி. அப்போது ஏஎம்டியின் ரைசன் பிராசசருக்கான, ஈசிசியை ஏற்கும் மதர்போர்டைத் தேடுங்கள், கோரைக் குறைத்து மிச்சமாகும் காசைக் கெப்பாசிட்டர் உள்ள எஸ்எஸ்டியில் போடுங்கள்.