ஒப்-ஆம்ப் பஃபரின் வெளியீட்டுப் பாதுகாப்பு: ஆறு ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

என்.இ. 5532 என்ற ஒப்-ஆம்ப்பை (சமிக்ஞையைப் பெருக்கும் ஐசி) கொண்டு ±15 வோல்ட்டில் இயங்கும் எளிய ஆடியோ பஃபர் (சமிக்ஞையின் அளவை மாற்றாமல் அடுத்த கருவிக்குத் தரும் சுற்று) ஒன்றை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வெளியீட்டை நேரடியாகக் கேபிளில் இணைத்திருந்த தொடக்க நாள்களில் ஐசி தேவையின்றிச் சூடேறியது. ஐந்து மீட்டர் கேபிளின் சில நூறு பிக்கோஃபாரட் கொள்ளளவு, முழுப் பின்னூட்டத்தில் (வெளியீடு முழுவதும் உள்ளீட்டுக்குத் திரும்பும் முறையில்) இயங்கும் பஃபரை அலைவுக்குள், அதாவது தானாகவே அலைகளை உருவாக்கும் நிலைக்குள், தள்ளியிருந்தது. பின்னூட்டத்தை ஐசியின் காலிலிருந்தே எடுத்து, அதற்கு அப்பால் 47 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்ததும் அலைவு நின்றது. 10 கிலோ ஓம் சுமையில் இதனால் ஏற்படும் இழப்பு சுமார் 0.04 டெசிபெல்தான்.

ஷார்ட் சர்க்யூட்டை ஐசியின் உள்ளமைந்த மின்னோட்டக் கட்டுப்பாடே தாங்கிக்கொள்ளும். உண்மையான ஆபத்து மிக்ஸரின் 48 வோல்ட் ஃபேண்டம் மின்னழுத்தத்திலிருந்து (மைக்குகளுக்கு அவற்றின் கேபிள் வழியே தரப்படும் மின்சாரம்) வந்தது. அது 6.8 கிலோ ஓம் வழியாக வெளியீட்டிலுள்ள 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை ஓரிரு நொடிகளில் ஏற்றிவிடுகிறது. அந்நிலையில் கேபிளின் முனை தரையைத் தொட்டால், கெபாசிட்டரின் மறுமுனை ஒரே கணத்தில் மைனஸ் 48 வோல்ட்டை நோக்கி இறங்குகிறது. முதல் ஐசி இப்படித்தான் போனது.

அதன்பின், ரெசிஸ்டருக்கும் கெபாசிட்டருக்கும் இடையே இரு மின்வழங்கித் தடங்களுக்கும் (+15, −15 வோல்ட்) மிகை மின்னழுத்தத்தைத் திருப்பிவிடும் 1என்4007 டயோடுகளையும், கெபாசிட்டருக்கு முன் இன்னொரு 47 ஓம் ரெசிஸ்டரையும் சேர்த்தேன். உச்ச மின்னோட்டம் சுமார் 0.7 ஆம்பியர்; அந்த டயோடுக்கு அது பொருட்டல்ல. ஆயினும் இரண்டாவது ஐசியும் பழுதானபோதுதான், டயோடு கடத்திய மின்னேற்றம் எங்கே போய்ச் சேர்கிறது என்று நான் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. மைனஸ் 15 வோல்ட் தடத்தை நிலையாக வைத்திருக்கும் 7915 ரெகுலேட்டர் தன் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து திரும்பி வரும் மின்னோட்டத்தை ஏற்காது. தடத்திலிருந்த 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரே அதை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்ததால், கணக்கின்படி தடம் 25 வோல்ட்டைத் தாண்டியிருக்கும், ஐசியின் உச்சவரம்போ ±22 வோல்ட். தடத்துக் கெபாசிட்டரை 470 மைக்ரோஃபாரடாக உயர்த்தியதில் ஏற்றம் மூன்று வோல்ட்டுக்குள் அடங்கியது. கூடுதல் காப்பாக ஒவ்வொரு தடத்திலும் 18 வோல்ட் ஸீனர் டயோடு (குறித்த வோல்ட்டைத் தாண்டினால் கடத்தத் தொடங்கும் டயோடு) ஒன்றையும் வைத்தேன். வெளியீட்டுக் கெபாசிட்டர் 63 வோல்ட் தரத்ததாகவும், அதன் நேர்முனை கேபிள் பக்கம் பார்த்ததாகவும் இருக்க வேண்டும். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

இந்த மாற்றத்துக்குப் பின் நான்கு ஆண்டுகளாக அதே ஐசி உழைக்கிறது. இரைச்சலிலோ ஒலியின் தெளிவிலோ வேறுபாடு எதையும் நான் உணரவில்லை. மீண்டும் அமைப்பதானால் வெளியீட்டுக் கெபாசிட்டரை 10 மைக்ரோஃபாரடாகவே வைப்பேன். 10 கிலோ ஓம் சுமையில் அது கடத்தும் அதிர்வெண்ணின் கீழெல்லை 1.6 ஹெர்ட்ஸ்தான், பழைய 100 மைக்ரோஃபாரட் தடத்துக் கெபாசிட்டரே அந்த மின்னேற்றத்தைத் தாங்கியிருக்கும்.