ஃபார்மட் போட்டால் பிரீசெட் மிஞ்சுமா? லைட்ரூம் கிளாசிக், கிளவுட் லைட்ரூம், கேப்சர் ஒன், டார்க்டேபிள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

வைகாசி முகூர்த்தம் சூடு பிடிப்பதற்கு முன் போட்டோ ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்கு ஃபார்மட் போடுவது உண்டு. போட்டோ டி டிரைவில் இருக்கிறது, எடிட் சாஃப்ட்வேரான லைட்ரூமின் கேட்டலாக்கும் (படங்களின் எடிட் விவரங்களை வைத்திருக்கும் பதிவேடு) டி டிரைவில் இருக்கிறது, சி டிரைவை அழித்தால் என்ன போய்விடும் என்ற தைரியத்தில்தான் போடுகிறார்கள். புதிதாக லைட்ரூம் கிளாசிக்கை ஏற்றிப் பழைய கேட்டலாக்கைத் திறந்தால், குடியாத்தம் கல்யாணமும் ஆற்காடு வரவேற்பும் எடிட் செய்தபடியே இருக்கும். இடப்பக்கத்து பிரீசெட் (ஒரே கிளிக்கில் படத்துக்குப் போடச் சேமித்து வைத்த எடிட் அமைப்பு) பேனலில் மட்டும் அடோபி தந்தவை தவிர வேறொன்றும் இருக்காது. வருடக்கணக்கில் சேர்த்த கலர் அத்தனையும் சி டிரைவோடு போயிருக்கும்.

எந்த சாஃப்ட்வேரின் பிரீசெட் அழகு என்று வாக்குவாதம் செய்பவர்கள், அது எந்த ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. இந்த ஒப்பீட்டில் அழகை ஓரமாக வைத்துவிட்டு இரண்டே கேள்விகளை எடுத்துக்கொள்கிறோம். பிரீசெட்டை ஒரு பென் டிரைவில் எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க முடியுமா? அவருடைய திரையிலும் அதே பெயரில், அதே வரிசையில் வந்து நிற்குமா? சத்துவாச்சாரியில் கடையும் ராணிப்பேட்டையில் வீட்டிலிருந்து எடிட் செய்யும் ஆளுமாக நடக்கிற தொழிலுக்கு இந்த இரண்டும்தான் முதலில் தெரிய வேண்டியவை.

லைட்ரூம் கிளாசிக்: ஃபோல்டர் ஒன்று, குரூப் வேறொன்று

2018 ஏப்ரலில் வந்த 7.3 பதிப்பில் அடோபி இரண்டு விஷயங்களை மாற்றியது. அதுவரை எல்ஆர்டெம்ப்ளேட் என்று முடிந்த பிரீசெட் கோப்பு எக்ஸ்எம்பி ஆனது. இருந்த இடமும் லைட்ரூம் ஃபோல்டரிலிருந்து, போட்டோஷாப்பில் ரா படங்களைத் திறக்கும் கேமரா ராவின் ஃபோல்டருக்கு மாறியது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துத் தேடுபவர்களுக்கு எதுவும் கிடைக்காமல் போவது இதனால்தான்.

இப்போதைய இடம்: சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், அடோபி, கேமராரா, செட்டிங்ஸ். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, வரும் சின்னப் பெட்டியில் சதவீதக் குறி, ஆப்டேட்டா, மறுபடி சதவீதக் குறி என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் தட்டினால் நேராக ரோமிங்குக்குள் இறங்கலாம். அதைவிடச் சுலபம், லைட்ரூமிலேயே கன்ட்ரோலும் கமாவும் அழுத்தி பிரிஃபரன்சஸ் திறந்து, பிரீசெட்ஸ் டேபில் 'ஷோ லைட்ரூம் டெவலப் பிரீசெட்ஸ்' பட்டனை அமுக்குவது. மேக்கில் யூசர் லைப்ரரி, அப்ளிகேஷன் சப்போர்ட், அடோபி, கேமரா ரா, செட்டிங்ஸ்.

அதே டேபில் பக்கத்திலேயே 'ஷோ ஆல் அதர் லைட்ரூம் பிரீசெட்ஸ்' என்று இன்னொரு பட்டன் இருக்கிறது. எக்ஸ்போர்ட் அளவுகள், ஸ்டூடியோ பெயர் போட்ட வாட்டர்மார்க், மெட்டாடேட்டா, கோப்புக்குப் பெயர் வைக்கும் டெம்ப்ளேட் எல்லாம் அந்த இரண்டாவது ஃபோல்டரில். ஃபார்மட்டுக்கு முன் முதல் ஃபோல்டரை மட்டும் காப்பி எடுத்தவர்கள், ஆல்பத்துக்கு எக்ஸ்போர்ட் செய்யும்போதுதான் இரண்டாவதை நினைப்பார்கள்.

அடுத்தது, பலரையும் குழப்புகிற இடம். செட்டிங்ஸ் ஃபோல்டருக்குள் நீங்களாக 'மண்டபம்' என்று ஒரு துணை ஃபோல்டர் போட்டு பத்து பிரீசெட்டை அதற்குள் தள்ளினாலும், லைட்ரூமில் அவை பழைய குரூப்பிலேயே நிற்கும். காரணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஓர் எக்ஸ்எம்பி கோப்பை நோட்பேடில் திறக்கவும். எக்ஸ்போஷர், ஹைலைட்ஸ் என்று நீளும் வரிகளுக்குக் கீழே 'குரூப்' என்று ஒரு பகுதி இருக்கும், அதற்குள் குரூப்பின் பெயர் எழுதியிருக்கும். லைட்ரூம் படிப்பது அந்தப் பெயரைத்தான். அது காலியாக இருந்தால் பிரீசெட் 'யூசர் பிரீசெட்ஸ்' குரூப்பில் போய் விழும். ஆக, அடுக்கும் வேலையை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் செய்து பயனில்லை. லைட்ரூமுக்குள் பிரீசெட்டின் மேல் ரைட் கிளிக் செய்து வேறு குரூப்புக்கு நகர்த்தினால்தான் உள்ளே இருக்கும் வரி மாறும்.

எக்ஸ்எம்பி என்ற பெயரிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரா படத்துக்கு (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பு) பக்கத்தில் அதே பெயரில் நிற்கும் எக்ஸ்எம்பி, அந்த ஒரு படத்தின் எடிட் குறிப்பு. அது பிரீசெட் அல்ல. 'பிரீசெட் அனுப்பியாச்சு' என்று சொல்லி இவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சரியான வழி, குரூப் பெயரில் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுப்பது. ஒரு ஜிப் கிடைக்கும். வாங்குபவர் பிரீசெட் பேனலின் கூட்டல் குறியில் 'இம்போர்ட் பிரீசெட்ஸ்' கொடுத்து, ஜிப்பைப் பிரிக்காமலே ஏற்றலாம். குரூப் பெயர் கோப்புக்குள்ளேயே இருப்பதால் அங்கும் அதே வரிசையில் நிற்கும். நமது இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு சுத்தமான பதில் மற்ற சாஃப்ட்வேர்களில் குறைவு.

'ஸ்டோர் பிரீசெட்ஸ் வித் திஸ் கேட்டலாக்' என்ற டிக் பெட்டியைப் பார்த்ததும் டி டிரைவ் ஆசை வரும். அதை டிக் செய்தால் பிரீசெட்கள் கேட்டலாக்குக்குப் பக்கத்தில் 'லைட்ரூம் செட்டிங்ஸ்' என்ற ஃபோல்டரில் சேமிக்கப்படும். ஆனால் ஏற்கெனவே இருப்பவற்றை அது தூக்கிக்கொண்டு போகாது. டிக் செய்து மறுபடி திறந்ததும் பேனல் வெறிச்சென்று இருக்கும். பயந்துவிட வேண்டாம், பழைய இடத்தில் பத்திரமாகத்தான் இருக்கின்றன, நாம்தான் கையால் காப்பி செய்ய வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு கேட்டலாக் என்று பிரிப்பவர்கள் இந்தப் பெட்டியைத் தொடவே கூடாது என்பது எங்கள் கருத்து. ஒவ்வொரு கேட்டலாக்கிலும் பிரீசெட் தனித்தனியாகச் சிதறிவிடும், போட்டோஷாப்பின் கேமரா ராவிலும் அவை தெரியாமல் போகும்.

பிரீசெட் இருந்தும் காணாமல் போகிற இன்னொரு வகையும் உண்டு. முதல் கேமரா சோனி, இரண்டாவது ஆள் கையில் கேனன் என்று வைத்துக்கொள்வோம். சோனியின் கேமரா ப்ரொஃபைலை (ரா படத்தின் அடிப்படை வண்ண அமைப்பு) சேர்த்துச் செய்த பிரீசெட், கேனன் படத்தைத் தொட்டதும் சாய்வெழுத்தில் மங்கும் அல்லது மறைந்தே போகும். ஜேபெக் படத்திலும் இதே கதைதான். பிரிஃபரன்சஸில் 'ஷோ பார்ஷியலி கம்பேட்டிபிள் டெவலப் பிரீசெட்ஸ்' டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கம்பெனி கேமராவும் புழங்கும் கடையாக இருந்தால், பிரீசெட் செய்யும்போதே கம்பெனியின் சொந்த ப்ரொஃபைலை விட்டு அடோபி கலர் மாதிரி பொதுவான ஒன்றை வைத்துக்கொள்வது நிம்மதி.

பிரீசெட் உருவாக்கும் பெட்டியில் எல்லாவற்றையும் டிக் செய்வதுதான் குப்பை சேர்வதற்கு முதல் காரணம். ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் எடுத்துவிடுங்கள். மேடையின் மஞ்சள் விளக்கில் செய்த ஒயிட் பேலன்ஸோடு சேமித்த பிரீசெட்டை, கோட்டை மதிலடியில் பகல் வெளிச்சத்தில் எடுத்த ஜோடிப் படத்தில் போட்டால் கருங்கல் நீலம் பூசியதுபோல் நிற்கும், முகத்தில் ரத்தமே இருக்காது. பிரீசெட்டில் குற்றமில்லை, டிக்கில்தான் குற்றம். இதைப் புரிந்துகொள்ளாமல் மண்டபத்துக்கு ஒன்று என்று பிரீசெட் செய்து குவிப்பதால்தான் பட்டியல் நீள்கிறது. அழுத்தம் கூடுதலாகத் தோன்றினால் 2022 ஜூனில் வந்த அமவுன்ட் ஸ்லைடரால் குறைத்துக்கொள்ளலாம். 'லைட்', 'மீடியம்', 'ஸ்ட்ராங்' என்று ஒன்றையே மூன்றாகச் சேமிக்கத் தேவையில்லை.

பெயர் வைப்பதில் எங்கள் சிபாரிசு: முன்னால் இரண்டு இலக்க எண், அடுத்து வெளிச்சம், கடைசியில் தோற்றம். '01 மண்டபம் மஞ்சள் மென்மை', '02 மண்டபம் எல்இடி ஊதா குறைப்பு', '05 கோட்டை உச்சி வெயில்', '07 பாலாறு சாயங்காலம்'. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலுக்குச் செய்ததும், மார்கழி காலையில் ஏலகிரி பனிக்குச் செய்ததும் பெயரிலேயே பிரிந்து நிற்க வேண்டும். 'ப்யூட்டிஃபுல் 3' என்ற பெயர் ஆறு மாதம் கழித்து வைத்தவருக்கே புரியாது. தினம் தொடுகிற ஐந்தாறுக்கு நட்சத்திரம் போட்டால் ஃபேவரிட்ஸ் குரூப்பில் மேலே வரும். மற்றதை 'மேனேஜ் பிரீசெட்ஸ்' மூலம் மறைக்கலாம். அது ஒளிக்கும், அழிக்காது.

ஃபார்மட் போட்டுத் தொலைத்துவிட்டவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பிரீசெட் போனாலும் அதைப் போட்ட படங்களின் எடிட் கேட்டலாக்கில் இருக்கிறது. பழைய படம் ஒன்றைத் திறந்து ஹிஸ்டரி பேனலைப் பாருங்கள், எந்த பிரீசெட் போட்டோம் என்ற வரி அங்கே பெயரோடு நிற்கும். அந்த வரியைக் கிளிக் செய்துவிட்டு, கூட்டல் குறியில் 'கிரியேட் பிரீசெட்' கொடுத்துத் தேவையானவற்றை மட்டும் டிக் செய்தால் இழந்தது திரும்பக் கிடைக்கும். முப்பது பிரீசெட்டை மீட்பது ஒரு மதிய வேலை.

கிளவுட் லைட்ரூம்: ஃபோல்டர் கவலை இல்லை, ஆனால்

போனிலும் லேப்டாப்பிலும் ஒரே லைட்ரூமை வைத்திருப்பவருக்கு இதுவே வசதி. ஃபைல் மெனுவில் இம்போர்ட் கொடுத்து ஒரு முறை ஏற்றினால் போதும், போன், டேப், பிரவுசர் எங்கும் வந்துவிடும். காட்பாடியில் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நான்கு படம் முடித்து அனுப்பலாம். ஃபார்மட் பயமும் இல்லை, லாகின் செய்ததும் எல்லாம் இறங்கிவிடும்.

தடுமாற்றம் வேறு இடத்தில் வருகிறது. கிளாசிக்கில் செய்த பிரீசெட் தானாகப் போனுக்கு வராது. படங்கள் சிங்க் ஆவதைப் பார்த்துவிட்டு பிரீசெட்டும் வரும் என்று காத்திருப்பது வீண். கிளாசிக்கில் எக்ஸ்போர்ட் செய்த ஜிப்பை கிளவுட் பதிப்பில் ஏற்ற வேண்டும், அல்லது போனில் பிரீசெட் பகுதியின் மூன்று புள்ளியிலிருந்து நேராக ஏற்றலாம். அடுத்து, ஒரே லாகினை இரண்டு பேர் பகிர்ந்தால் ஒருவர் போனில் அழித்தது இன்னொருவர் கம்ப்யூட்டரிலும் போய்விடும். சிங்க் என்பது பேக்கப் அல்ல, அழிப்பதையும் அது உண்மையாகவே சிங்க் செய்யும். மூல ஜிப்பை வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருப்பவருக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்போம்.

கேப்சர் ஒன்: பெயரிலேயே ஒரு குழப்பம்

லைட்ரூமில் பிரீசெட் என்பது இங்கே ஸ்டைல். கேப்சர் ஒன்னில் பிரீசெட் என்றால் ஒரே ஒரு டூலின் அமைப்பு, உதாரணமாக கர்வ் மட்டும். பல டூல்களைச் சேர்த்தால் அது ஸ்டைல். கோப்பின் முடிவும் வேறு: காஸ்டைல், காபிரீசெட். லைட்ரூமிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் முதல் வாரம் தேடித் தவிப்பது இதற்காகத்தான்.

அடுக்குவதில் இது கிளாசிக்குக்கு நேர் எதிர். ஸ்டைல்ஸ் ஃபோல்டருக்குள் நீங்கள் போடும் துணை ஃபோல்டரே பேனலில் குரூப்பாகத் தெரியும். எக்ஸ்ப்ளோரரில் அடுக்கிப் பழகிய கைக்கு இது சுகம். விண்டோஸில் அது ரோமிங்கில் இல்லை, ஆப்டேட்டாவின் லோக்கலில் கேப்சர் ஒன் ஃபோல்டருக்குள் இருக்கிறது. ரோமிங்கை மட்டும் காப்பி எடுத்தால் இது விட்டுப்போகும். ஸ்டைலைத் தனி லேயரில் போட்டு ஒபாசிட்டியைக் குறைக்க முடிவது பெரிய பலம். அடோபியின் எக்ஸ்எம்பி பிரீசெட்டை இது படிக்காது, இதன் ஸ்டைலை அடோபியும் படிக்காது. கலரைக் கண்ணால் பார்த்து மறுபடி கட்ட வேண்டியதுதான்.

டார்க்டேபிள்: காசு இல்லை, கோப்பும் இல்லை

இலவசம் என்பதற்காக மட்டும் இதை எடுப்பவர்கள் சீக்கிரம் சலித்துவிடுவார்கள். இதன் உண்மையான பலம் தானாகப் பொருந்தும் பிரீசெட். ஒரு மாட்யூலின் (இதில் ஒவ்வொரு எடிட் டூலுக்கும் இந்தப் பெயர்) பிரீசெட்டைச் சேமிக்கும்போதே கேமரா, லென்ஸ், ஐஎஸ்ஓ, ஃபோக்கல் லெங்த் என்று நிபந்தனை வைக்கலாம். ஐஎஸ்ஓ 3200-க்கு மேல் போனால் இந்த அளவு நாய்ஸ் குறைப்பு என்று ஒரு முறை சொல்லிவிட்டால், இரவு வரவேற்புப் படங்கள் திறக்கும்போதே அது ஏறியிருக்கும். கிளாசிக்கிலும் 2020 பிப்ரவரியிலிருந்து ஐஎஸ்ஓ பார்த்து மாறும் பிரீசெட் உண்டு. ஒரே கேமராவில் வெவ்வேறு ஐஎஸ்ஓவில் எடுத்த ரா படங்கள் இரண்டையாவது தேர்ந்தெடுத்து அதைச் செய்ய வேண்டும். லென்ஸ் வரைக்கும் பிரித்துச் சொல்ல டார்க்டேபிளே மேல்.

ஆனால் இங்கே பிரீசெட் தனித்தனிக் கோப்பாக இல்லை. எல்லாம் டேட்டா டாட் டிபி என்ற ஒரே தரவுத்தளத்துக்குள். விண்டோஸில் ஆப்டேட்டா, லோக்கல், டார்க்டேபிள். சாஃப்ட்வேரை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை முழுதாகக் காப்பி எடுப்பதே பேக்கப். இன்னொருவருக்குக் கொடுக்கப் பல மாட்யூல்களை ஸ்டைலாகச் சேர்த்து எக்ஸ்போர்ட் செய்யலாம், டிடிஸ்டைல் என்று முடியும் கோப்பு வரும். ஸ்டைல் பெயருக்கு நடுவே செங்குத்துக் கோடு போட்டால் கிளைகளாகப் பிரிந்து நிற்கும்: மண்டபம், கோடு, மஞ்சள். அந்த டேட்டாபேஸ் போனாலும் படத்துக்குப் பக்கத்து எக்ஸ்எம்பி இருந்தால் அதன் ஹிஸ்டரியிலிருந்து ஸ்டைலை மறுபடி உருவாக்கலாம். இந்த எக்ஸ்எம்பியும் அடோபி பிரீசெட்டும் பெயரில் மட்டுமே ஒன்று.

தரவுத்தளமே பிடிக்காதவர் ராதெரபியைப் பார்க்கலாம். பிபி3 என்ற சாதாரண டெக்ஸ்ட் கோப்புகள், துணை ஃபோல்டர் போட்டால் அப்படியே பட்டியலில் வரும்.

யாருக்கு எது

இரண்டு கம்ப்யூட்டர், வெளியே ஓர் எடிட்டர், வாரம் இரண்டு கல்யாணம் என்றால் கிளாசிக். ஜிப்பாகக் கொடுத்தால் குரூப் பெயரோடு போய்ச் சேர்கிற ஒரே காரணம் போதும். தனியாளாகப் போனில் முடித்து உடனே அனுப்புகிறவருக்கு கிளவுட். கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் டெதர் கேபிள் போட்டு ஸ்டூடியோவுக்குள் பொருள் படம் எடுப்பவருக்கு, ஆம்பூர் ஷூவும் வாணியம்பாடி லெதரும் எடுப்பவருக்கு, லேயரில் ஸ்டைல் தரும் கேப்சர் ஒன். மாதச் சந்தா கட்ட மனமில்லாமல், உட்கார்ந்து கற்கப் பொறுமை உள்ளவருக்கு டார்க்டேபிள்.

எதை எடுத்தாலும் ஃபார்மட்டுக்கு முன் தொட வேண்டியவை: ரோமிங்கில் அடோபியின் கேமராரா, லைட்ரூம் என்ற இரண்டு ஃபோல்டர், லோக்கலில் கேப்சர் ஒன்னும் டார்க்டேபிளும். பதிவு செய்து வைக்கும் கட்டளை வரிசையான போட்டோஷாப் ஆக்‌ஷன் தனி. ஆக்‌ஷன்ஸ் பேனலில் உள்ளிருக்கும் ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுத்தால் 'சேவ் ஆக்‌ஷன்ஸ்' மங்கியே இருக்கும். மேலே இருக்கும் செட் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தால்தான் ஏடிஎன் கோப்பாகச் சேமிக்க விடும்.