‘இங்கேயே பிறந்தவை, சில்லர் வேண்டாம்’ என்று விற்கப்படும் கிரிஸ்டல் ரெட் இறால்கள்: ஓர் எச்சரிக்கை

கடந்த மார்ச் மாதம் கைப்பேசிச் செயலி ஒன்றில் விளம்பரம் பார்த்து நான் வாங்கிய, கண்ணாடித் தொட்டியில் அழகுக்காக வளர்க்கப்படும் 30 கிரிஸ்டல் ரெட் இறால்களில், 12ஆம் நாள் மாலை எண்ணிப் பார்த்தபோது 4 மட்டுமே உயிருடன் இருந்தன. எல்லாம் சேர்த்துப் போன பணம் 234 சிங்கப்பூர் வெள்ளி. அது பெருந்தொகை இல்லைதான். ஆனால் அந்த இறால்கள் செத்த விதமும், அவற்றைக் கொன்றது என் கவனக்குறைவே என்று விற்றவர் என்னைக் கிட்டத்தட்ட நம்பவைத்துவிட்டதும் இதை எழுதவைத்தன.

சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் நாலறை வீட்டின் வரவேற்பறையில், இரண்டடித் தொட்டி ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகச் செர்ரி இறால் வளர்த்து வருகிறேன். 10 இறால்களோடு தொடங்கிய கூட்டம் இப்போது எண்ண முடியாத அளவுக்குப் பெருகிவிட்டது. நியோகாரிடினா வகையைச் சேர்ந்த செர்ரிக்கு நம் ஊர் வெப்பம் ஒத்துப்போகிறது. பகலில் தண்ணீர் 29 டிகிரியைத் தொட்டாலும் என் தொட்டியில் பெண் இறால்கள் முட்டை சுமப்பதை நிறுத்தியதில்லை. கிரிஸ்டல் ரெட் அப்படிப்பட்டதன்று. தென்சீனத்து ஓடைகளைத் தாயகமாகக் கொண்ட கறுப்பு வெள்ளை பீ இறால்களுக்கிடையே சிவப்பாகத் தோன்றியவற்றை 1990களில் ஜப்பானியரான ஹிசயாசு சுசுகி தனியே பிரித்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய வகை அது. அதற்குக் குளிர்ந்த, மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள தண்ணீர் வேண்டும். 20 முதல் 24 டிகிரி வரை வெப்பம், 6க்கும் 6.5க்கும் இடைப்பட்ட பிஎச், ஏறத்தாழப் பூஜ்ஜியமான கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை), 100 முதல் 150 வரை டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) என்பதே அதை வளர்ப்போர் பெரும்பாலும் வைத்துக்கொள்ளும் அளவு. சிங்கப்பூரில் இதற்குச் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி, தேவை. தொட்டியின் மேல் மாட்டும் சிறு விசிறி நம்முடைய ஈரக்காற்றில் இரண்டு மூன்று டிகிரியைக் குறைத்தாலே பெரிது. சில்லருக்குச் சில நூறு வெள்ளி ஆகும், மின்கட்டணம் தனி, தொட்டியைக் குளிர்வித்து அந்த வெப்பத்தை வரவேற்பறையிலேயே அது கக்குவதால், வீட்டில் உள்ளவர்களின் முணுமுணுப்பும் தனி.

ஆகவே, “மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூரிலேயே பிறந்தவை, குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவை, சில்லர் தேவையில்லை” என்ற விளம்பரத்தைக் கண்டதும் நான் நெடுநாளாகக் காத்திருந்த சொற்களையே யாரோ எழுதி வைத்ததுபோல் இருந்தது. நிறத்தை வைத்துக் கணிக்கும் தரவரிசையில் எஸ்எஸ் தரம் என்று சொல்லி ஒன்றுக்கு 6 வெள்ளி கேட்டிருந்தார். செய்தி அனுப்பியதும் விற்றவர் தமிழிலேயே பதில் எழுதினார். “அண்ணே, இதெல்லாம் நம்ப ஊருத் தண்ணியில பழகுனது, கண்ண மூடிக்கிட்டு விடலாம்” என்றார். நம்மவர் என்ற எண்ணம் என் விழிப்பைப் பாதி குறைத்துவிட்டது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொட்டியை வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், எம்ஆர்டி ரயில் நிலையத்திலேயே தந்துவிடுகிறேன் என்றார். இங்கே பாதி வாங்கல் விற்றல் நிலைய வாயிலில்தான் நடக்கிறது என்பதால் எனக்கு அதில் எதுவும் தவறாகப் படவில்லை. கூடவே, முட்டை சுமக்கும் நீல நியோகாரிடினா பெண் இறால்கள் மூன்றை ஒன்று 12 வெள்ளிக்கும், பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு தாது உப்புக் கரைசலை 18 வெள்ளிக்கும் சேர்த்துத் தலையில் கட்டினார். பணத்தைப் பேநவ் என்ற கைப்பேசிப் பணமாற்று வழியாக அங்கேயே அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து பையை மேசையில் வைத்தபோது மனைவி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “என்னங்க, பை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?” என்று கேட்டார். எம்ஆர்டியின் குளிர்சாதனமாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். மார்ச் மாத நண்பகலில், நிலையத்திலிருந்து பத்து நிமிடம் வெயிலில் நடந்து வந்த பை அது. பைக்குள் இறால்கள் பற்றிக்கொள்ள ஒரு நெகிழி வலைத்துண்டும் கிடந்தது. நீண்ட பயணத்துக்குப் பொட்டலம் கட்டுபவர்கள் போடுவது அது. நிலையத்துக்கு நடந்து வந்து கொடுக்கும் ஒருவருக்கு அந்த வலைத்துண்டு எதற்கு என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் சொன்னபடியே குழாய்த் தண்ணீரில் ஒரு தொட்டியை ஆறு வாரம் ஓடவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகே இறால்களை வாங்கியிருந்தேன். (குழாய்த் தண்ணீரை வாளியில் ஓர் இரவு வைத்தால் போதும் என்றும் அவர் சொன்னார். ஆனால் நம் குழாய்த் தண்ணீரில் இருப்பது வெறும் குளோரின் அன்று, குளோரமின். அது ஓர் இரவில் போய்விடாது, அதற்கான மருந்தைக் கலந்தே ஆகவேண்டும். இதைக்கூட அறியாத ஒருவர் குழாய்த் தண்ணீரில் மூன்று தலைமுறை வளர்த்தாராம்.) இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரைப் பழக்கிவிட்டு இறால்களை விட்டேன். முதல் இரண்டு நாள் அவை பாசியை மேய்ந்துகொண்டு நன்றாகவே இருந்தன. மூன்றாம் நாள் ஒன்று போனது. நான்காம் நாள் மூன்று. ஆறாம் நாள் முதல், செத்தவற்றின் முதுகோட்டில், உடலைச் சுற்றி, ஒரு வெள்ளை வளையம் தெரிந்தது. ஓடு உரிக்கத் தொடங்கி முடிக்க முடியாமல் இறக்கும் இறாலில் தெரியும் வளையம் அது. மற்றவை தொட்டியின் அடியை விட்டு, நீர் குமிழியிடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரின் உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொற்றிக்கொண்டு நின்றன. 24 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8.4 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகிவிடும். வெப்பம் கூடக்கூட இறாலின் உடல் அதிக ஆக்சிஜனைக் கேட்கும். தண்ணீரோ குறைவாகத்தான் கொடுக்கும். அவை உச்சிக்கு ஏறியதன் பொருள் இதுதான்.

மூன்றாம் நாள் முதல் சாவு விழுந்ததும், வந்த பையின் மிச்சத் தண்ணீரை ஊற்றி வைத்திருந்த போத்தலில் டிடிஎஸ் மீட்டரை நனைத்துப் பார்த்தேன். 118 என்று காட்டியது. என் தொட்டியில் 196. கேஎச் சோதனைத் துளிகள் போத்தல் தண்ணீரில் பூஜ்ஜியத்தைக் காட்டின. என் தொட்டியில் 3. குழாய்த் தண்ணீரில் வளர்ந்த இறாலின் பையில் கேஎச் பூஜ்ஜியமாக இருப்பதற்கு வழியில்லை. அது ஆர்ஓ (உப்புகள் வடிகட்டி நீக்கப்பட்ட) தண்ணீரில் தாது உப்பு கலந்து, அமிலத்தன்மை தரும் சாயில் மண் பரப்பிய குளிர்ந்த தொட்டியிலிருந்து வந்த தண்ணீர். அந்த மீட்டர் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. இறால்களை விடுவதற்கு முன் ஒரே ஒரு முறை நனைத்திருந்தால் அனைத்தையும் தெரிந்துகொண்டிருப்பேன். இது என் பிழை, அவருடையதன்று.

பிறகு யோசித்தபோது, அவர் சொன்ன கணக்கே அவரைக் காட்டிக்கொடுத்திருந்தது புரிந்தது. சென்ற தீபாவளிக்குப் புது வீட்டுக்கு வந்தபோதுதான் முதல் தொட்டியை வைத்தேன் என்று நிலையத்தில் பேச்சுவாக்கில் சொன்னார். பெண் இறால் ஏறத்தாழ நான்கு வாரம் முட்டையைச் சுமக்கும்; பொரித்த குஞ்சு தானே முட்டை சுமக்கும் பருவத்தை எட்ட நான்கு ஐந்து மாதம் ஆகும். தீபாவளிக்கும் மார்ச்சுக்கும் இடையே ஒரு தலைமுறையே நிறைவடையாது. மூன்று எங்கிருந்து வந்தன?

நீல இறால்கள் மூன்றின் கதை வேறு. அவற்றைச் செர்ரிக் கூட்டத்தோடு விட்டால் இரண்டும் கலந்து சில தலைமுறையில் பழுப்புக் குஞ்சுகளே மிஞ்சும் என்பதால், தனியே ஓர் ஓரடித் தொட்டியில் விட்டிருந்தேன். அந்தப் பழக்கம்தான் என் பழைய கூட்டத்தைக் காப்பாற்றியது. வயிற்றடியில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் இருந்ததை நானும் முட்டை என்றே எண்ணினேன். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோதுதான் உருண்டை உருண்டையாக எதுவும் இல்லை, பஞ்சு இழைகள்போல் நீச்சல் கால்களுக்கிடையே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. இறால் வளர்ப்போர் பச்சைப் பூஞ்சை என்று அழைக்கும் ஒட்டுண்ணி அது; ஒரு கூட்டத்துக்குள் நுழைந்தால் மற்றவற்றுக்கும் தொற்றக்கூடியது. முட்டை என்றால் தனித்தனி மணிகளாகத் தெரியும், தாய் அவற்றைக் கால்களால் விசிறிக்கொண்டே இருக்கும், நாளடைவில் மணிக்குள் கண்புள்ளிகள் தோன்றும். நோயை முட்டை என்று பெயர் மாற்றி, அதற்கு ஒன்றுக்கு 12 வெள்ளி விலை வைத்தது தெரியாமல் நடந்ததா தெரிந்தே நடந்ததா என்பதை வாசிப்பவரே முடிவு செய்துகொள்ளலாம்.

தாதுக் கரைசலை ஒரு போத்தல் காய்ச்சி வடித்த தண்ணீரில் அவர் சொன்ன அளவில் கலந்து ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை) பார்த்தேன். சோதனை மருந்தின் முதல் துளியிலேயே நிறம் மாறிவிட்டது, அதாவது சொல்லிக்கொள்ளும்படி அதில் ஒன்றுமே இல்லை.

அவருடைய உத்தரவாதத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே போன்ற வாசகத்தை வேறு பல விளம்பரங்களிலும் பார்க்கிறேன். ‘24 மணி நேரத்துக்குள் செத்தால், பையைப் பிரிக்காமல் படம் அனுப்பினால், வேறு இறால் தருவேன்’ என்பது அந்த வாசகம். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் போக்குவரத்தில் மூச்சுத் திணறிய இறால்தான் முதல் நாளில் சாகும். தண்ணீர் வேறுபாட்டாலும் வெப்பத்தாலும் தாக்கப்பட்ட இறால் இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடித்து, அடுத்த ஓடு உரிப்பில்தான் சாகும். ஆகவே அந்த 24 மணி நேரம் என்பது, தவறான இறாலை விற்றவருக்கு எந்தச் செலவும் வராத 24 மணி நேரம். நான் நான்காம் நாள் படம் அனுப்பியபோது, “உங்க தண்ணியில ஏதோ இருக்கு அண்ணே, செம்பு கிம்பு கலந்திருக்கும்” என்று பதில் வந்தது. செம்பு இறாலுக்கு நஞ்சு என்பது உண்மைதான். ஆனால் அதே குழாய்த் தண்ணீரில்தான் இரண்டடி தள்ளி என் செர்ரிகள் குஞ்சு பொரித்துக்கொண்டிருந்தன. இருந்தும் இரண்டு நாள் நான் என்னையே சந்தேகித்து, செம்புச் சோதனைப் பொருளை வாங்கி இரண்டு தொட்டிகளையும் சோதித்தேன். எதுவும் இல்லை.

பிறகு விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்க மூலையில், பாசிக்குப் பின்னால், தொட்டியில் ஒட்டியிருந்த வெப்பமானி 22 என்று காட்டியது. அதைச் சுட்டிக்காட்டி எழுதினேன். பதில் வரவில்லை, மறுநாள் என் எண்ணைத் தடுத்துவிட்டிருந்தார்.

முறையிடலாமே என்று கேட்பவர்களுக்கு: நம் பயனீட்டாளர் சங்கம் வணிகங்களுக்கு எதிரான புகார்களைக் கையாள்கிறது, தனியாள் ஒருவர் இன்னொரு தனியாளிடம் வாங்கியதில் அது தலையிடுவதில்லை. சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 2 ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமலேயே முன்வைக்கலாம். ஆனால் அங்கே எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருந்ததோ ஒரு கைப்பேசி எண்ணும், பேநவ் திரையில் தெரிந்த சுருக்கப் பெயரும்தான். நிலையத்தில் சந்திப்பதால் அவருக்குக் கிடைத்த வசதி தொட்டியை மறைப்பது மட்டுமன்று என்று அப்போதுதான் உறைத்தது.

ஏப்ரலில், நண்பர் ஒருவர் வழியாக உண்மையிலேயே வீட்டில் இனப்பெருக்கம் செய்யும் ஒருவரைப் பார்க்கப் போனேன். படுக்கையறை ஒன்றில் ஐந்து தொட்டிகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சில்லர், திரையில் 23. கண்ணாடியருகே குனிந்து பார்த்தபோது எள்ளளவு குஞ்சு முதல் இரண்டரை சென்டிமீட்டர்ப் பெண் இறால் வரை எல்லா அளவும் ஒரே தொட்டியில் மேய்ந்துகொண்டிருந்தன. இறக்குமதி செய்து விற்பவரின் தொட்டியில் இதைக் காண முடியாது. அங்கே எல்லாமே ஒரே அளவில், வந்து இறங்கிய நாளின் அளவில் இருக்கும். நேரில் போய்ப் பார்க்க முடியாதபோது, இன்றைய செய்தித்தாளைக் கண்ணாடிக்கு அருகில் வைத்துக் குஞ்சுகளோடு காணொளி ஒன்று கேட்பது நல்லது. அந்த மனிதர் என் தொட்டியின் வெப்பத்தைக் கேட்டார், சொன்னேன். சில்லர் வாங்கிவிட்டு வாருங்கள், அதுவரை என்னிடம் ஓர் இறாலும் கிடைக்காது என்று தேநீர் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சென்ற வாரம் அதே செயலியில், வேறு கணக்கின் பெயரில், அதே பாசித் தொட்டியின் படத்துடன் விளம்பரம் ஒன்று வந்திருக்கிறது. ‘நான்காம் தலைமுறை’ என்று எழுதியிருக்கிறார். விலை ஒன்றுக்கு 5.50 வெள்ளி. படத்தின் இடப்பக்க மூலை மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது.