ஏழாவது வெளியீடு: ஒலிப் பகிர்வு ஆம்ப்ளிஃபையருடன் ஆறு ஆண்டுகள்

ஆறு ஆண்டுகளாக ஓயாமல் உழைத்த என் ஒலிப் பகிர்வு ஆம்ப்ளிஃபையர் சென்ற வாரம் பழுது நீங்கித் திரும்பி வந்தது. அதே நாளில், வேறோர் அரங்கத்தின் ஒலியமைப்பைக் கவனித்துவரும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இதே கருவியைத் தாமும் வாங்கலாமா என்று கேட்டார். உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. நல்லதைச் சொல்ல வாயெடுத்தால் கோபம் முந்திக்கொண்டது. கோபத்தைச் சொல்லப்போனால் அது இந்தப் பெட்டிக்குச் செய்யும் அநியாயம் என்று பட்டது. ஆகவே எழுதியே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இது என்ன செய்யும் என்பதை இதைத் தேடி வருபவர்கள் அறிவார்கள். மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சரிலிருந்து வரும் ஒரே ஒலியை வாங்கி, எட்டு இடங்களுக்குத் தனித்தனியாகக் கொடுக்கும். எங்கள் அரங்கில் அது முதன்மை ஸ்பீக்கர்களுக்கான ஆம்ப்ளிஃபையர், கூட்டம் நிரம்பி வழியும்போது திறக்கப்படும் இரண்டு பக்க அறைகள், மேடைக்குப் பின்னால் காத்திருப்போருக்கான அறை, பதிவுக் கருவி, வீடியோ கேமரா என்று பிரிந்து போகிறது. இது வருவதற்கு முன்பு ஒரே கேபிளிலிருந்து கிளைகள் பிரித்துத்தான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். அப்போது ஏதாவது ஒரு கிளையில் ஷார்ட் ஏற்பட்டால் எல்லா இடங்களும் ஒன்றாக ஊமையாகிவிடும். இந்தப் பெட்டி வந்த இரண்டாம் ஆண்டில், பக்க அறை ஒன்றில் மேசைக் காலுக்கடியில் சிக்கி ஒரு கேபிள் நசுங்கி, அதன் உள்வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அந்த அறை மட்டும் அமைதியானது. மற்ற இடங்களில் இருந்தவர்களுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியவில்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் உள்ளே தனித்தனிச் சுற்று இருப்பதன் பயன் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. பேச்சில்லாத வேளையில் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டாலும் இந்தப் பெட்டி சேர்த்த இரைச்சல் என்று ஒன்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. இவ்வளவையும் மனதாரச் சொல்லிவிட்டுத்தான் அதன் பின்பக்கத்துக்கு வருகிறேன்.

வெளியீடுகளுக்கு எக்ஸ்எல்ஆர், அதாவது மைக் கேபிள்களில் காணும் வட்டமான மூன்று பின் சாக்கெட், கிடையாது. பின்பக்கத்தில் இரண்டு வரிசையாகத் திருகு டெர்மினல்கள் இருக்கின்றன; ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கழற்றி மாட்டக்கூடிய மூன்று துளைப் பிளக் ஒன்று உண்டு. மேல் வரிசையில் இடமிருந்து வலமாகப் பிளஸ், மைனஸ், கிரவுண்ட் என்று வரும். பிளஸ்ஸும் மைனஸும் ஒரே ஒலியை எதிரெதிர்த் திசையில் பாதிப் பாதியாகச் சுமப்பவை; கிரவுண்ட், அவற்றைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்டுக்கு உரியது. கீழ் வரிசையில் டெர்மினல்களைத் தலைகீழாகப் பொருத்தியிருப்பதால் அதே வரிசை கிரவுண்ட், மைனஸ், பிளஸ் என்று திரும்பிவிடுகிறது. இதை அறிவிக்கும் அச்சு, எறும்பு அளவு எழுத்தில், பிளக்கை மாட்டியவுடன் மறைந்துபோகும் இடத்தில் இருக்கிறது. பிளக்கின் உடலில் எந்தக் குறியும் இல்லை. அதைக் கழற்றி மேசையில் வைத்து வயரைத் திருகும்போது, எது மேல் வரிசைக்குரியது, எது கீழ் வரிசைக்குரியது என்பதை நினைவில்தான் வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் ஆறு ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உறுத்தல் எப்படிக் கோபமானது என்பதற்குப் பழுதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு மாதங்களுக்கு முன் எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் கரகரவென்ற இரைச்சல் எழுந்தது. உள்ளீட்டுக் கேபிளைக் கழற்றிய பிறகும் அது நிற்கவில்லை. இரு கருவிகள் வெவ்வேறு வழியில் எர்த்தோடு இணைவதால் உண்டாகும் எர்த் சுழற்சியால் வரும் முனகல் பெரும்பாலும் மின்சாரத்தின் அதே அதிர்வெண்ணில், 50 அல்லது 60 ஹெர்ட்ஸில், தாழ்ந்த சுருதியில் கேட்கும். மின்வழங்கிப் பகுதியில் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை வடிகட்டிச் சமன்செய்யும் கப்பாசிட்டர் தளர்ந்தால் அதன் இரு மடங்கான 100 அல்லது 120 ஹெர்ட்ஸில், சற்றுக் கூர்மையாக வரும். இது இரண்டாவது வகை. பழுது பார்த்தவர் உப்பிப்போன இரண்டு கப்பாசிட்டர்களை எடுத்துக் காட்டினார். பத்து டிகிரி வெப்பம் கூடினால் இவ்வகைக் கப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. நானோ இந்தப் பெட்டியை, கருவிகளை அடுக்கும் சட்டமான ராக்கில், சூடாக ஓடும் பவர் ஆம்ப்ளிஃபையருக்கு நேர் மேலே, இடைவெளியே விடாமல் பொருத்தியிருந்தேன். அந்தத் தவறு என்னுடையது. இப்போது மேலும் கீழும் ஒவ்வோர் அடுக்கு காலியாக விட்டிருக்கிறேன்.

திரும்பி வந்த பெட்டியை மாட்டும்போது, இந்த முறை எதையும் நினைவை நம்பிச் செய்வதில்லை என்று முடிவெடுத்து, ஒவ்வொரு வெளியீட்டையும் மின்னழுத்தம் காட்டும் மல்டிமீட்டரால் அளந்தேன். மின்சாரத்தை அணைத்து, பவர் பிளக்கைச் சுவரிலிருந்தே உருவிவிட்டு எல்லா வெளியீட்டுப் பிளக்குகளையும் மாட்டினேன். பிறகு கேபிள்களின் மறுமுனைகள் எதிலும் செருகப்படாத நிலையில் மின்சாரத்தைக் கொடுத்து, மிக்சரிலிருந்து 400 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பினேன். வழக்கமாக 1000 ஹெர்ட்ஸைத்தான் பயன்படுத்துவார்கள். ஆனால் விலை குறைந்த மல்டிமீட்டர்கள் பல, அதிர்வெண் உயர உயரத் தவறான அளவைக் காட்டும் என்பதால் தாழ்ந்த ஒலியே நம்பகமானது. கருவியிலிருந்து கருவிக்குப் போகும் ஒலிக்குரிய தொழில்முறை லைன் அளவான பிளஸ் 4 டிபியு (மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அலகு) என்பது 1.23 வோல்ட். கேபிளின் மறுமுனையிலுள்ள எக்ஸ்எல்ஆரில் 1ஆம் பின் கிரவுண்ட், 2 பிளஸ், 3 மைனஸ். 2ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் இடையில் இந்த 1.23 வர வேண்டும். 1ஆம் பின்னிலிருந்து 2க்கும், 1ஆம் பின்னிலிருந்து 3க்கும் அதில் பாதி, அதாவது ஏறக்குறைய 0.61 வர வேண்டும். ஆறு வெளியீடுகள் வரை எல்லாம் அப்படியே வந்தன.

ஏழாவதில் 2க்கும் 3க்கும் இடையில் 0.61 காட்டியது. மீட்டர் முனை சரியாகப் படவில்லை போலும் என்று அழுத்திப் பார்த்தேன், மாறவில்லை. 1க்கும் 3க்கும் இடையில் வைத்தேன். அங்கே முழு 1.23 நின்றது. சற்று நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது வெளியீடு கீழ் வரிசையில் இருக்கிறது. பழுதுக்கு அனுப்பும்போது பிளக்குகளைக் கேபிளிலிருந்து கழற்றாமல் அப்படியே தொங்கவிட்டிருந்தேன். ஆகவே அது இன்று நிகழ்ந்த தவறாக இருக்க வழியில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரண்டாவது பக்க அறைக்காக அந்த இணைப்பைச் சேர்த்தபோது, மேல் வரிசையின் ஒழுங்கிலேயே வயர்களைத் திருகியிருக்கிறேன். பிளஸ் இருக்க வேண்டிய இடத்தில் கிரவுண்டும், ஷீல்டு இருக்க வேண்டிய இடத்தில் பிளஸ்ஸும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. நடுவிலுள்ள மைனஸ் மட்டும் தன் இடத்தில் இருந்திருக்கிறது.

என்னை உலுக்கியது என்னவென்றால், இத்தனை நாளும் அந்த அறையில் ஒலி வந்துகொண்டுதான் இருந்தது. வராமல் போயிருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன். மைனஸ் வயர் மட்டும் ஒலியைச் சுமந்ததால் அளவு பாதியாக, அதாவது 6 டெசிபல் குறைவாக வந்தது. ஒலி அலையின் பிளஸ்-மைனஸ் திசை கூடப் புரளவில்லை என்பதால் காதுக்கு அளவைத் தவிர வேறு வித்தியாசம் ஏதும் தெரியவில்லை. சற்று மெதுவாக இருக்கிறதே என்று அந்த அறையின் ஆம்ப்ளிஃபையரைக் கூட்டி வைத்தேன். கூடவே எழுந்த முனகலுக்குக் கேபிளின் நீளம்தான் காரணம் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். இதற்கிடையில் பிளஸ் வெளியீடு ஷீல்டு வழியாக மறுமுனைக் கருவியின் எர்த்தில் ஷார்ட்டாகி, உள்ளே மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு சிறு ரெசிஸ்டரின் தயவில் மட்டுமே பிழைத்திருந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும், யாரோ ஒருவர் பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும், அந்தச் சுற்று எர்த்துக்குள் மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. அதைத் தாங்கிக்கொண்டதற்காக வடிவமைத்தவரைப் பாராட்டுவதா, இப்படியொரு தவறுக்கு இடம்வைத்ததற்காகக் கடிந்துகொள்வதா என்று இன்னும் எனக்குள் தீரவில்லை.

வயர் முனைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாக இணைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். முதல் தடவை இணைத்தபோது, பிரியும் இழைகள் அடங்கி நேர்த்தியாக இருக்கட்டும் என்று எல்லா முனைகளிலும் சால்டர் பூசித் திருகினேன். ஏழெட்டு மாதங்களில் ஒவ்வோர் இடமாகக் கரகரப்பு தொடங்கியது. சால்டர் மென்மையான உலோகக் கலவை. திருகு தொடர்ந்து அழுத்தும்போது மெல்ல மெல்ல நசுங்கி விலகிக்கொடுக்கும். நாம் இறுக்கிய திருகு தானாகவே தளர்ந்தது போலாகிவிடும். அதற்குப் பதிலாக, முனையில் செருகி அழுத்தும் சிறு உலோகக் குழலான ஃபெரூலைப் பயன்படுத்துவதே சரி. அது கிடைக்காவிட்டால் வெறும் இழைகளை முறுக்கி நேரடியாகத் திருகுவது சால்டர் பூசுவதை விட நல்லது. ஷீல்டின் வெற்று வயருக்கு ஒரு ஸ்லீவ் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் பக்கத்துத் துளையையோ பெட்டியின் உடலையோ அது உரசிக்கொண்டே இருக்கும். ஃபெரூலுக்கு மாறிய பிறகு இந்த ஐந்து ஆண்டுகளில் ஓர் இணைப்பும் தளரவில்லை.

பதிவுக் கருவிக்குப் போகும் இணைப்பு தனிக் கதை. அது வேறு அறையில், வேறு மின்சுற்றில் இருக்கிறது, உள்ளீடு வீட்டுக் கருவிகளில் காணும் ஆர்சிஏ சாக்கெட். நேரடியாக இணைத்தவுடன் 50 ஹெர்ட்ஸ் முனகல் பதிவில் ஏறியது. அப்போது அனுபவசாலி ஒருவர், பகிர்வு ஆம்ப்ளிஃபையரின் பவர் பிளக்கில் எர்த் பின்னைத் துண்டித்துவிட்டால் தீர்ந்தது என்று அறிவுரை சொன்னார். அப்படிச் செய்தால் முனகல் நிற்கத்தான் செய்யும். அதனால்தான் அந்த யோசனை இவ்வளவு காலமாக உயிரோடு இருக்கிறது. ஆனால் எர்த் இருப்பது ஒலிக்காக அல்ல. பெட்டிக்குள் காப்பு பழுதாகி மின்சாரம் உலோக உடலில் ஏறினால், அதை எர்த்தில் இறக்கி ஃபியூஸை எரியவைப்பதற்காகவே அந்தப் பின் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்த மின்சாரத்துக்குக் கிடைக்கும் வழி ஒலிக் கேபிள்களின் ஷீல்டு. அதன் ஒரு முனையில் மைக்கைப் பிடித்தபடி ஒரு மனிதர் நிற்கிறார். இந்த அறிவுரையை யார் சொன்னாலும், எவ்வளவு அனுபவத்தோடு சொன்னாலும் கேட்காதீர்கள். இரு பக்கத்தையும் நேரடி மின் இணைப்பின்றிப் பிரித்து, ஒலியை அளவு மாறாமல் கடத்தும் ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் பதிவுக் கருவியின் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து குட்டையான ஆர்சிஏ கேபிளால் இணைத்தேன். முனகல் முற்றாக நின்றது. அந்த வெளியீட்டின் அளவை மட்டும் சின்னத் திருப்புளியால் ஏறக்குறைய 12 டெசிபல் குறைத்துவைத்தேன். வீட்டுக் கருவிகளின் லைன் அளவு 0.316 வோல்ட்தான்.

மற்றவை சுருக்கமாக. இது லைன் ஒலியைப் பகிரும் பெட்டி. பவர் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் வெளியீட்டை இதன் உள்ளீட்டில் கொடுத்தால் கருகிவிடும். ஏதேனும் ஒரு வெளியீட்டை இன்னொரு மிக்சரின் மைக் உள்ளீட்டில் கொடுக்க நேர்ந்தால், அங்கே மைக்குக்காகக் கேபிள் வழியே அனுப்பப்படும் 48 வோல்ட் பேண்டம் பவர் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே செருக வேண்டும். போடும்போது பவர் ஆம்ப்ளிஃபையர்கள் கடைசி, நிறுத்தும்போது அவையே முதல். ஃபியூஸ் போனால் அதே அளவும் அதே வகையும்தான். இரண்டாம் தடவையும் போனால் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. மேலே சொன்ன நல்லவை எல்லாம் உண்மை. ஆறு ஆண்டில் ஒரே ஒரு பழுது, அதிலும் பாதிப் பங்கு என்னுடையது. ஆனாலும் வெளியீட்டுக்கு எக்ஸ்எல்ஆர் சாக்கெட் உள்ள ஒன்றைப் பாருங்கள் என்றேன். அதில் எந்தப் பின் எது என்று இன்று ஏறக்குறைய உலகம் முழுவதும் ஒரே ஒழுங்கு. இருட்டில், அவசரத்தில், ராக்குக்குப் பின்னால் குனிந்தபடி மாட்டினாலும் அது திரும்பிக்கொள்ளாது.

ஏழாவதை அன்றே மாற்றித் திருகினேன். பிளக் ஒவ்வொன்றிலும் பிளஸ் துளைக்கு மேல் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தேன். வெளியீட்டு எண்ணைக் கேபிளிலேயே எழுதி ஒட்டினேன். பிறகு இரண்டாவது பக்க அறைக்குப் போய், ஆம்ப்ளிஃபையரின் குமிழை இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் பென்சிலால் கோடு போட்டிருந்த பழைய இடத்துக்கே இறக்கினேன். ஒலி போதுமான அளவில் இருந்தது, முனகல் இல்லை.

நேற்று நண்பர் மறுபடியும் அழைத்தார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள்ளேயே அதே கருவிக்குச் சொல்லி வைத்துவிட்டாராம், வந்தும் சேர்ந்துவிட்டதாம். ஃபெரூலும் மல்டிமீட்டரும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அதுவரை கீழ் வரிசையில் ஒரு வயரையும் திருகாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.