மெதுவாகப் போனால் தண்டிக்கும் வண்டி

முதல் கியரிலேயே மணிக்கு 150 கிலோமீட்டரை ஒட்டிப் போய்விடும் மோட்டார் சைக்கிள் என்னுடையது. அதற்கு மேல் இன்னும் ஐந்து கியர்கள் இருக்கின்றன. 1000 சிசி, நான்கு சிலிண்டர், 200 குதிரைத்திறனை ஒட்டிய என்ஜின், 200 கிலோவுக்குச் சற்று அதிகமான எடை. இந்த வகை வண்டிகளை விரும்புகிறவர்களுக்கு மற்ற விவரங்கள் மனப்பாடமாக இருக்கும். நிறுவனத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போவது இந்த வகையில் எதை வாங்கினாலும் பொருந்தும்.

எழுதக் காரணம் என் மைத்துனன். 2025 ஜூலையில் சேத்தியாத்தோப்பிலிருந்து சோழபுரம் வரை 50 கிலோமீட்டர் நான்குவழிச் சாலை திறக்கப்பட்டதிலிருந்து அவனுக்கு இதே நினைப்பு. “நம் பக்கத்திலேயே சாலை வந்துவிட்டது அத்தான், நானும் ஒன்று வாங்கிவிடட்டுமா?” என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறான். முன்சக்கரம் மாற்றி வண்டியைப் பட்டறையிலிருந்து எடுத்து வந்த அன்றும் கேட்டான். அன்று இருந்த கோபத்தில் நான் பதில் சொல்லவில்லை.

கோபத்தில் எழுதினால் வண்டிக்கு அநியாயம் செய்துவிடுவேன். ஆகவே அதன் அருமையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து திருச்சி சாலையில் வல்லம் தாண்டியதும் நிலம் மேடாகிச் செம்மண்ணாகிவிடும். வயலும் வாய்க்காலும் பின்னால் போய்விடும். விடியற்காலையில் அந்த இடத்தில் ஆக்சிலரேட்டரைத் திருகிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 6,000 சுற்று வரை என்ஜின் அடக்கமாக முனகிக்கொண்டிருக்கும். 8,000ஐத் தாண்டும்போது குரல் மாறும். தொடைக்குக் கீழே இருந்த அதிர்வு முழுக்க மறைந்து, ஒரே சீரான இழுப்பாகிவிடும். வீட்டுக் கவலை, கடன், பேச்சுவார்த்தை எதுவும் அந்தச் சில நொடிகளில் மனத்தில் நிற்பதில்லை. கண்ணுக்கு ஓரத்து மரங்கள் தெரியாமல் போய், சாலையின் கோடி மட்டும் தெரியும். இதை ஒருமுறை அனுபவித்தவன் மறக்க மாட்டான். பேச்சுக்காகவும் நான் இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அதைவிடவும் நான் மதிப்பது இதன் பிரேக்கை. முன்பக்கம் இரண்டு பெரிய டிஸ்க்குகள். இரண்டு விரல் போதும். பிடித்த பிடியில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் நம் நாட்டில் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாகிவிட்டது, ஆனால் இதில் இருப்பது வளைவில் சாய்ந்திருக்கும்போதும் கணக்குப் பார்த்துப் பிடிக்கும் வகை. ஈரத்தில், மணலில், பயத்தில் பிடித்த பிடியில்கூட வண்டி நெளிந்ததில்லை.

இனி என் தீராத எரிச்சலுக்கு வருகிறேன். இந்த வண்டி மெதுவாகப் போகிறவனைத் தண்டிக்கிறது.

கைப்பிடிகள் தாழ்வாக இருப்பதால் உடம்பின் பாரம் முழுதும் மணிக்கட்டில் இறங்குகிறது. பாபநாசம் கடைத்தெருவைக் கடப்பதற்குள் உள்ளங்கை மரத்துவிடும். ஆனால் 100 கிலோமீட்டரைத் தாண்டினால் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்கிறது, மணிக்கட்டு வலி அடங்கிவிடுகிறது. வெப்பமும் அப்படித்தான். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று பாருங்கள். சித்திரை வெயிலில், கவச உடையோடு, ரேடியேட்டர் விசிறி தள்ளும் அனல் நேராகத் தொடையில் அடிக்கும். சரக்கு ரயில் போய், இன்னொரு என்ஜின் மாறி, கேட் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் மொபெட்காரர் இரக்கத்தோடு பார்ப்பார். வேகம் எடுத்தால் அனல் பின்னால் போய்விடும். சஸ்பென்ஷனும் குறைந்த வேகத்தில் ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகெலும்புக்கு அனுப்புகிறது, வேகத்தில்தான் இளகுகிறது.

வண்டியின் ஒவ்வொரு உறுப்பும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஓட்டுகிறவன் அடங்கியவனாக இருந்தாலும் வலியைக் காட்டி அவனை வேகத்துக்குத் தள்ளுகிறது. விற்பனைக் காட்சியகத்தில் நின்ற வண்டியின்மேல் ஏறி உட்காரும்போது இது தெரியாது. சோதனை ஓட்டமாகத் தெருமுனை வரை போய் வந்தாலும் தெரியாது. ஒரு கோடைக்காலம் முழுக்க ஓட்டிய பிறகுதான் தெரியும்.

தள்ளினால் எங்கே போவது? டெல்டாவின் சாலைகள் ஆற்றங்கரையை ஒட்டி வளர்ந்தவை. ஆறு வளைந்தால் சாலையும் வளையும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் தாழ்ந்த வயல். விலகிப்போக ஓரம் என்ற ஒன்றே பல இடங்களில் கிடையாது. கீழே களிமண். நீர் நிற்கும் மாதங்களில் ஊறி உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். எவ்வளவு நன்றாகத் தார் போட்டாலும் இரண்டு மழைக்குப் பிறகு சாலையில் மெல்லிய அலை தெரியும். காரில் போகிறவர்களுக்கு அது தாலாட்டு. இந்த வண்டியில், மதகுப் பாலத்தின் மேட்டில் ஏறி இறங்கும்போது முன்சக்கரம் பாரம் இழந்து கைப்பிடி உதறும்.

பருவம் மாற ஆபத்தும் மாறும். தை, மாசியில் சம்பா அறுவடை. பெல்ட் வைத்த அறுவடை இயந்திரம் வயலிலிருந்து ஏறிய இடத்தில் கருங்களி தார்மேல் அப்பிக் கிடக்கும். பனி விழுந்த காலையில் அது சோப்பைப் போல வழுக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்கத் தயங்குவார்கள், ஆகவே சாலையின் பாதியில் நெல் காயும், எல்லைக்குக் கல் வைத்திருப்பார்கள். இதில் எனக்கு விவசாயிமேல் ஒரு துளி வருத்தமும் இல்லை. களம் கட்டித் தராத ஊரில் அவர் வேறெங்கே காயவைப்பார்? அறுவடை முடிந்ததும் வாத்து மேய்ப்பவர்கள் வருவார்கள். கோடையில் ஆட்டுக்கிடை போடக் கீதாரிகள் மந்தையோடு வருவார்கள். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி இரவெல்லாம் நடந்து போவார்கள், குழந்தைகளோடு. ஐப்பசியில் பொழுது சாய்ந்தால் பச்சைத் தத்துப்பூச்சி விளக்கொளிக்குக் கூட்டமாக வந்து ஹெல்மெட் கண்ணாடியை மூடிவிடும். பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர்களோ எல்லா மாதமும் உண்டு.

இவர்கள் யாரும் சாலையில் தவறாக இல்லை. இது அவர்கள் ஊர்.

மைத்துனன் இதற்கெல்லாம், “பிரேக் நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்களே” என்பான். பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு கணக்கை மாற்ற முடியாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் போகிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு நொடி. அதன் பின் நல்ல காய்ந்த தாரில் நிற்க 45 முதல் 50 மீட்டர். வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 200 கிலோமீட்டரில் யோசிக்கும் நொடியிலேயே 55 மீட்டர் கழிந்துவிடும், பிறகு இன்னும் ஏறத்தாழ 200 மீட்டர். கால் கிலோமீட்டர் நேராக, காலியாக, கண்ணுக்குத் தெரியும் சாலை திருவையாற்றிலிருந்து கும்பகோணம் வரை எத்தனை இடத்தில் இருக்கிறது? இருட்டிய பிறகு முகப்பு விளக்கு காட்டுவது அதில் சிறு பகுதிதான்.

அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. பக்கத்து வண்டிப்பாதையிலிருந்து டிவிஎஸ் 50 ஒன்று ஏறுகிறது. பின்னால் உர மூட்டை. ஓட்டுகிறவர் வலப்பக்கம் ஒருமுறை பார்க்கிறார். தூரத்தில் ஒரு சிறு விளக்குப் புள்ளி தெரிகிறது. எதிரே வரும் மோட்டார் சைக்கிளின் முகப்பு ஒடுங்கியது. பஸ் போலக் கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டு வராது, அதனால் அதன் வேகத்தை மனிதக் கண்ணால் சரியாக மதிப்பிட முடியாது. அவர் வாழ்நாள் முழுதும் அந்தச் சாலையில் பார்த்தது தனியார் பஸ்ஸின் வேகத்தைத்தான். அந்த அனுபவத்தில் கணக்குப் போட்டு, நேரம் இருக்கிறது என்று சாலையில் ஏறுகிறார். அவர் கணக்கு சரி. அதைப் பொய்யாக்குவது என் வண்டி. என் உயிரைப் பணயம் வைக்க எனக்கு உரிமை உண்டு என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். உர மூட்டையோடு வந்த அந்த மனிதரிடம் யார் சம்மதம் கேட்டது?

முன்சக்கரக் கதைக்கு வருகிறேன். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில், முந்தின வாரம் இல்லாத வேகத்தடை ஒன்று முளைத்திருந்தது. வெள்ளைக் கோடு இல்லை, பலகை இல்லை, உயரத்துக்கும் அளவில்லை. 50 கிலோமீட்டருக்குள்தான் போனேன். டயரின் பக்கச்சுவர் தாழ்வானது, அலுமினிய விளிம்பு நசுங்கிவிட்டது. நிமிர்த்துவது இந்த வேகத்துக்குப் பாதுகாப்பில்லை, மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். பாகம் கடல் கடந்து வர வாரக்கணக்கில் காத்திருந்தேன். அந்த ஒரு சக்கரத்தின் விலைக்கு நல்ல பழைய ஸ்கூட்டர் வாங்கலாம். எரிந்துகொண்டுதான் திரும்ப அந்த ஊருக்குப் போய் டீக்கடையில் விசாரித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றை வேகமாக வந்த பைக் இடித்துவிட்டதாம். பைக்கில் வந்தவன் நிற்காமல் போய்விட்டானாம். அன்று ராத்திரியே ஊர் கூடி ஜல்லியும் சிமென்ட்டும் கொட்டியிருக்கிறது. கோடு போடாதது தவறுதான். இன்னும் அதைத் தவறென்றுதான் சொல்வேன். ஆனால் கடைக்காரரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதே வகை வண்டிகளை வைத்து வித்தை காட்டிப் படம் எடுத்துப் போடும் பழக்கம் இப்போது பள்ளி மாணவர்கள் வரை வந்துவிட்டது. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்த இளைஞர் ஒருவரின் ஓட்டுநர் உரிமம் பத்து ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது. எத்தனை பையன்கள் அந்தத் தண்டனையை நினைவில் வைத்தார்கள் என்றால், அந்த விழுதலைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களில் பாதிப்பேர்கூட இருக்க மாட்டார்கள். ஓட்டுகிறவன் 18 வயது நிறையாதவனாக இருந்தால் 2019 சட்டத் திருத்தத்தின்படி பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வாங்கிக் கொடுக்கும் அப்பாக்கள் இதைப் படிக்க வேண்டும்.

புதிய நான்குவழிச் சாலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மைத்துனனின் முழு வாதமும் அதில்தான் நிற்கிறது. சாலை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட சாலை ஊரையும் அதன் வயலையும் இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறது. கடக்கும் இடம் தூரத்தில் இருந்தால் டிராக்டர் எதிர்த்திசையில்தான் வரும். களை எடுக்கப் போகும் பெண்கள் தடுப்பின் இடைவெளியில் கடப்பார்கள். அகலமான சாலை வண்டிக்கு இடம் தருகிறது. எதிரே யார் வருவார்கள் என்ற உறுதியைத் தரவில்லை.

அந்த உறுதி கிடைக்கும் இடம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம், சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். பயிற்சி நாட்களில் கட்டணம் கட்டி, முழுத் தோல் உடை அணிந்தால் நம் வண்டியையே ஓட்டலாம். எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். விழுந்தால் உருண்டு நிற்க இடம் விட்டிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வாசலிலேயே நிற்கிறது. அங்கே மணிக்கட்டு வலிக்கவில்லை, தொடை சுடவில்லை, மூன்றாவது நான்காவது கியர்கள் எதற்கு என்பது முதல்முறையாகப் புரிந்தது. ஒன்றை மட்டும் விசாரித்துக்கொண்டு போங்கள்: பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஏற்படும் சேதத்துக்கு வழக்கமான வாகனக் காப்பீடு பணம் தராது.

மைத்துனனுக்கு என் பதில்: வாங்காதே. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். 350க்குள் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் நல்ல வண்டி ஒன்றை எடு. கல்லணையிலிருந்து பூம்புகார் வரை காவிரியை ஒட்டி நாள் முழுக்க ஓட்டினாலும் உன் கையும் வலிக்காது, யாரும் உனக்குப் பயந்து ஒதுங்கவும் மாட்டார்கள். மிச்சமாகும் பணத்தில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட், கையுறை, கணுக்கால் மூடும் பூட்ஸ் வாங்கு.

இதைச் சொன்னதும் அவன், “அப்படியானால் உங்கள் வண்டியை எனக்கு விலைக்குக் கொடுத்துவிடுங்கள் அத்தான்” என்றான். கொடுக்க மாட்டேன். அவனுக்கு மட்டுமில்லை, யாருக்கும் கொடுக்க மாட்டேன். புதுச் சக்கரத்துக்குப் புது டயர் போட்டாகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் அடுத்த பயிற்சி நாள் எப்போது என்று கேட்டு எழுதியிருக்கிறேன். வண்டியை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோகப் போகிறேன். வேண்டுமானால் அவனும் கூட வரட்டும்.