டான் பாவ், டான் ட்ரான்: ஒற்றைத் தந்தியா, பதினாறா?

வியட்நாமின் டான் பாவ் என்ற இசைக்கருவிக்கு ஒரே தந்தி. அதன் பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று எனக் கணுக்களை (தந்தி நீளத்தைச் சமமாகப் பிரிக்கும் புள்ளிகளை) உள்ளங்கை ஓரத்தால் லேசாகத் தொட்டபடி குச்சியால் மீட்டி, உடனே கையை எடுக்க வேண்டும். தாமதித்தால் நாதம் செத்துவிடும். இடம் தவறினால் வெறும் 'டொக்'. தந்தியின் ஒரு முனை கட்டியிருக்கும் வளைகோலை இடக்கையால் தந்தி இறுகும்படி இழுத்தால் சுருதி ஏறும், தளரத் தள்ளினால் இறங்கும். இயல்பிலேயே ஒலி மெலிது. மேடையில் மின்பெருக்கி வைப்பதுண்டு.

இன்னொரு வியட்நாமியத் தந்திக்கருவியான டான் ட்ரானில் மரபாக 16 உலோகத் தந்திகள், ஒவ்வொன்றுக்கும் நகரும் குதிரை (தந்தியைத் தாங்கும் சிறு கட்டை). குதிரைக்கு இடப்புறம் அழுத்தினால் சுருதி ஏறும். சுருதி சேர்த்து வைத்த அளவுக்குக் கீழே அழுத்தி இறக்க வழியில்லை. வேறு பண்ணுக்கு மாறக் குதிரைகளை நகர்த்தவேண்டும். அவசரத்தில் ஒன்று சாய்ந்தால் அந்தத் தந்தியின் சுருதி போச்சு.

தொடங்குபவருக்கு ட்ரான் எளிது: மீட்டினாலே சுரம் வரும். கமகத்தில் பாவ்தான் ராணி.